புதன்கிழமை பஸ்ஸில் ஏறாதவர்கள்

ஓஹயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் இருக்கிறோம். என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும் அரசுப் பள்ளிக்குப் புதன்கிழமைதோறும், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பஸ் வரும். அது பள்ளிக்கூட பஸ் இல்லை. ஒரு கிறிஸ்தவ ஊழிய அமைப்பு அனுப்பும் பஸ். அவன் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே மாதிரி டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். பஸ் அவர்களைப் பக்கத்தில் இருக்கும் ஒரு சர்ச் கட்டடத்துக்கு அழைத்துப் போகும். பைபிள் கதை, பாட்டு, மனப்பாட வசனம் எல்லாம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வகுப்புக்கு வந்துவிடுவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அரசுப் பணம் ஒரு சென்ட்கூடச் செலவாகவில்லை, பாடம் நடப்பது பள்ளிக்கு வெளியே. சட்டப்படி எல்லாம் சரி. அந்த நேரம் அவர்கள் வகுப்புக்கு நூலக நேரம். நான் புதன்கிழமைகளில் அங்கே தன்னார்வலராகப் புத்தகம் அடுக்கப் போகிறவள். அதனால் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளைவிட ஏறாத பிள்ளைகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் மகன் ஒருவன். தலையில் முக்காடு போட்டு வரும் சோமாலியப் பெண் ஒருத்தி. எங்கள் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண். அப்புறம் ஒரு வெள்ளைக்காரப் பையன். அவன் வீட்டில் ஏன் அனுப்பவில்லை என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இல்லாதபோது நூலக ஆசிரியை புதிதாக எதையும் சொல்லித் தர முடியாது. தந்தால் போனவர்களுக்கு விட்டுப்போகும். அதனால் இந்த நாலு பேரும் புத்தகத்தில் வைக்கும் அட்டைக்கு வண்ணம் தீட்டுவார்கள். போன வாரமும் அதுதான், அதற்கு முந்தின வாரமும் அதுதான். பஸ் திரும்பி வந்ததும் நூலகத்தின் வாசலே சத்தமாகிவிடும். கையில் மிட்டாய், சட்டையில் ஸ்டிக்கர். ஒருநாள் ஒரு சின்னப் பெண், பக்கத்து வீட்டுக் குழந்தையிடம், “நீயும் வந்திருந்தா உனக்கும் கிடைச்சிருக்கும்” என்றாள். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தோழிக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசைதான். அந்தக் குழந்தை பதில் சொல்லாமல் அட்டையை மறுபக்கம் திருப்பி அங்கேயும் வண்ணம் தீட்ட ஆரம்பித்தாள்.

அந்த அமைப்பின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே போய்ச் சொல்லித் தருகிறவர்களில் சிலரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், பிள்ளைகள்மேல் பிரியம் உள்ளவர்கள். இந்தப் பெயர் போனால் வேறு பெயரில் இன்னொன்று வரும். எனக்கு உறுத்துவது அந்த ஏற்பாடு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கிறிஸ்தவள். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில் என்போம். போதகரை ஐயர் என்போம். ஞாயிறு பள்ளியும் மே மாத வி.பி.எஸ்-உம் (விடுமுறை வேதாகமப் பள்ளி) இல்லாமல் எனக்குச் சின்ன வயது ஞாபகம் எதுவுமே இல்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆகவே, பள்ளி நேரத்தில் பைபிள் வேண்டாம் என்று நான் சொல்லும்போது, கடவுள் வேண்டாதவள் பேசுகிறாள் என்று யாரும் கடந்து போக முடியாது.

ஸ்கிரிப்ச்சர் பீரியட், மாரல் பீரியட்

நான் படித்தது ஒரு மிஷன் பள்ளி. அந்தப் பக்கத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பீரியட்டுக்கு மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் ஸ்கிரிப்ச்சருக்கு, மற்றவர்கள் மாரலுக்கு. எங்களுக்குப் பாட்டு இருந்தது, தேர்வு இருந்தது, வருஷக் கடைசியில் பரிசும் இருந்தது. மாரல் வகுப்பில் இருந்த என் தோழிகளுக்கு ஒரு டீச்சர் வந்து நீதிக்கதை வாசிப்பார். அவர் வராத நாளில் கணக்கு டீச்சர் வந்து கணக்குப் போடச் சொல்வார். யாரும் யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை. ஆனால் நாங்கள் போகும் அறை பள்ளிக்கூடத்தின் அறை என்பதும், அவர்கள் போகும் அறை மிச்சம் இருப்பவர்களின் அறை என்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

மிஷன் பள்ளிக்கு ஒரு நியாயம் உண்டு. அதை நடத்துவது சபை. வாசலில் சிலுவை இருக்கும். சேர்க்கும்போதே பெற்றோருக்குத் தெரியும். இந்திய அரசியல் சாசனத்தின் 28-ஆம் பிரிவும் அந்த வேறுபாட்டை வைத்திருக்கிறது. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு உதவி பெறும் பள்ளியிலும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை அதில் உட்கார வைக்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்குத் தன்னம்பிக்கை ஊட்ட அழைக்கப்பட்ட ஒரு பேச்சாளர், மாற்றுத்திறனோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்கிற மாதிரிப் பேசினார். பார்வையற்ற ஓர் ஆசிரியர் எழுந்து நின்று எதிர்த்துக் கேட்டார். அந்தக் காணொளியைப் பார்த்தபோது, வெளியாளை உள்ளே விட்டது யார் என்ற கேள்வியோடு வேறொன்றும் எனக்குத் தோன்றியது. அந்த அரங்கில் எழுந்து கேட்க ஒரு பெரியவர் இருந்தார். புதன்கிழமை பஸ்ஸில் அப்படி யாரும் கிடையாது.

“நீங்களே சொல்லுங்கக்கா”

பக்கத்து வீட்டுப் பெண் ஈரோட்டுக்காரி. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், தைப்பூசத்துக்கு இங்கே இருக்கும் கோயிலுக்குப் போவாள். ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகள் வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் அந்தச் சம்மதப் படிவம். மடித்து மடித்துப் பிரித்ததில் நடுவே கிழியத் தொடங்கியிருந்தது.

“அக்கா, பாப்பா ஒரு வாரமா அழுதுட்டே இருக்கறா. எல்லாரும் பஸ்ல போறாங்களாம், இவளுக்கு மட்டும் ஒண்ணும் கெடைக்கறதில்லையாம். அவங்கப்பா போனாப் போகட்டும், ஒரு மணி நேரந்தானேங்கறாரு. எனக்குத்தான் மனசு ஒப்பலீங்க. நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. நீங்களே சொல்லுங்கக்கா, அனுப்பட்டுமா?”

அந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். என் வீட்டு விசுவாசத்தை என்னிடமே கொண்டுவந்து, இது என் பிள்ளைக்கு ஆகுமா என்று கேட்கிறாள். ஆகும் என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரியே கையெழுத்துப் போட்டுவிடுவாள். அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை. பைபிளை ஒரு பிள்ளை கேட்பதில் எனக்கு என்ன வருத்தம் இருக்க முடியும்? சந்தோஷம்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குழந்தை அழுதது பைபிளுக்காக இல்லை. நாலு பேரில் ஒருத்தியாக மிஞ்சிப்போவதற்காக. அந்த அழுகையைப் பயன்படுத்திக்கொண்டு ஒரு பிள்ளை எங்கள் ஆண்டவரிடம் வர வேண்டுமா? அனுப்ப வேண்டாம் என்றேன்.

“உங்க பையன் போறானாக்கா?”

“இல்லம்மா. நாங்க கையெழுத்துப் போடல.”

“நீங்களே போடலையா? ஏங்க்கா?”

வாசலில் நின்றபடி ஏதோ சொன்னேன். அது அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அதன்பிறகுதான் இந்த நாட்டில் இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வராந்தாவில் உட்கார்ந்த பையன்

பள்ளி நேரத்தில் பிள்ளைகளை மத வகுப்புக்கு விடுவிக்கும் வழக்கம் 1914-இல் இண்டியானா மாநிலத்து கேரி நகரில் தொடங்கியது. மெல்ல நாடு முழுக்கப் பரவியது. இல்லினாய் மாநிலத்து ஷாம்பெய்னில் 1940 முதல் இந்த வகுப்புகள் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே நடந்தன. வாஷ்டி மெக்கல்லம் என்ற தாய் தன் மகனை அனுப்பவில்லை. அவனுக்குப் பத்து வயது. மற்ற பிள்ளைகள் உள்ளே மத வகுப்பில் இருக்க, அவனை வராந்தாவில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். தப்புச் செய்த பிள்ளையை உட்கார வைக்கும் இடம் அது. அந்த அம்மா வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றங்களில் தோற்றார். ஊர் அவருக்கு வசைக் கடிதம் எழுதியது. 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில் ஓர் இடம் எனக்கு விடை மாதிரி இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வருவது சட்டத்தின் கட்டாயத்தால். அப்படி வந்த பிள்ளைகளை மத வகுப்புக்குத் திரட்டித் தருவதன் மூலம் அரசு மதக் குழுக்களுக்கு விலைமதிக்க முடியாத உதவி செய்கிறது என்றார். அதே வழக்கில் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் தனியாக எழுதியது இன்னும் வீட்டுப் பக்கமாக இருந்தது. விருப்பம் இல்லாதவர்கள் விலகலாம் என்று சொல்வதால் அழுத்தம் குறையலாம், போய்விடாது. கூட்டத்திலிருந்து தனித்து நிற்பது குழந்தைகளின் இயல்பு கிடையாது என்றார். நூலகத்தில் அட்டையை மறுபக்கம் திருப்பியவளை அவர் பார்த்திருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்.

நாலே வருஷத்தில், 1952-இல், நியூயார்க் வழக்கு ஒன்றில் காற்று மாறியது. வகுப்பு பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே நடந்தால், அரசுச் செலவு இல்லாவிட்டால், பெற்றோர் கேட்டுக்கொண்டால் சரி என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். எங்கள் புதன்கிழமை பஸ் ஓடுவது அந்தத் தீர்ப்பின் மேல்தான். எதிர்த்த மூவரில் ஒருவர் ராபர்ட் ஜாக்சன். சர்ச்சுக்குப் போகாத பிள்ளைக்கு அந்த நேரத்தில் பள்ளி தற்காலிகச் சிறை ஆகிறது என்று அவர் எழுதினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொரு வரி. தன் பிள்ளைகளைச் சொந்த விருப்பத்தில் சர்ச் பள்ளிகளுக்கு அனுப்பியவன் நான். இந்தத் திட்டத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் கடவுள் மறுப்பாளர்கள்தான் என்ற பேச்சை நான் மறுக்கலாம் என்றார். அந்த வரியைக் கணவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

பதினாறு வயதும் ஆறு வயதும்

என் மூத்தவள் பதினொன்றாம் வகுப்பு. அவள் பள்ளியில் மதிய இடைவேளையில் ஒரு பைபிள் கிளப் கூடும். அவள் அதில் இருக்கிறாள், எனக்கு அதில் சந்தோஷம். ஏனென்றால் அது பிள்ளைகள் ஆரம்பித்தது. யார் பேசுவது, எதைப் படிப்பது எல்லாம் அவர்கள் முடிவு. ஒரு ஆசிரியர் அறையின் மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார், வாயைத் திறக்க மாட்டார். பைபிளில் வரும் யோபு புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்த வாரம் இவள் என்னைத் தூங்கவிடவில்லை. “யோபு பிள்ளைங்க செத்துப் போச்சே, கடைசியில புதுப் பிள்ளைங்க குடுத்தாச் சரியாயிடுமாம்மா?” என்று கேட்டாள். ஞாயிறு பள்ளியில் இத்தனை வருஷம் சொல்லித் தந்த என்னிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. எதிர் அறையில் முஸ்லிம் மாணவர் சங்கம் கூடுகிறது. ரமலானில் மதியம் சாப்பிடாத பிள்ளைகள் அங்கே போய் உட்காருவார்கள். என் மகளின் நெருங்கிய தோழி அதன் தலைவி. ரெண்டு பேரும் ஒருவருக்கொருவர் போஸ்டர் வரைந்து கொடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு இடம் கொடுத்தது 1984-இல் வந்த சம அணுகல் சட்டம் (Equal Access Act). உயர்நிலைப் பள்ளி பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கிளப்பை அனுமதித்தால், மதக் கிளப்பையும் அரசியல் கிளப்பையும் தடுக்கக் கூடாது. நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாஹாவில் பிரிட்ஜெட் மெர்கென்ஸ் என்ற மாணவி பைபிள் கிளப் கேட்டாள்; அவள் பள்ளியில் செஸ் கிளப் இருந்தது, கடலடியில் முக்குளிக்கும் ஸ்கூபா கிளப்கூட இருந்தது, இதற்கு மட்டும் இடமில்லை என்றார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் அவள் கேட்டது நியாயம் என்றது. சர்ச்சுகள் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் அது. ஆனால் ஒரு வாசலைத் திறந்தால் அது எல்லாருக்கும்தான் திறக்கும். யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில் ஓரினச் சேர்க்கை மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு கிளப் கேட்டபோது, அதற்குத் தர மனமில்லாமல் 1996-இல் பாடம் சாராத கிளப் அத்தனையையும் கல்வி வாரியம் மூடியது. அந்தப் பிள்ளைகள் நின்றதும் இதே சட்டத்தின் மேல்தான். சில வருஷம் கழித்துக் கிளப்புகள் திரும்ப வந்தன.

அந்தச் சட்டத்தில் இருக்கும் நிபந்தனைகளைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கிளப்பை மாணவர்களே தொடங்க வேண்டும். ஆசிரியர்கள் மதக் கூட்டத்தில் கூட இருக்கலாம், பங்கெடுக்கக் கூடாது. வெளியாட்கள் அதை நடத்தவோ, கட்டுப்படுத்தவோ, வாடிக்கையாக வந்து உட்காரவோ கூடாது. ஆக, பதினாறு வயதுப் பிள்ளையின் கிளப்புக்குள் வெளியிலிருந்து ஒரு பெரியவர் வாராவாரம் வந்து போதிக்க முடியாது. வளர்ந்த பிள்ளைக்கே அவ்வளவு காவல்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு? நியூயார்க் மாநிலத்து மில்ஃபர்டில், ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான குட் நியூஸ் கிளப் என்ற பைபிள் கிளப்பைப் பள்ளிக்குள் நடத்த ஒரு போதகரும் அவர் மனைவியும் அனுமதி கேட்டார்கள். கடைசி மணி அடித்த கையோடு, அதே கட்டடத்தில். 2001-இல் உச்ச நீதிமன்றம், மற்ற குழுக்களுக்குப் பள்ளி இடம் கொடுக்கும்போது இவர்களுக்கு மறுப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்று ஆறுக்கு மூன்றாகச் சொன்னது. பள்ளி முடிந்த பிறகு, பெற்றோர் சம்மதத்தோடு, எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக இருக்கும் ஒரு அறையில் என்றால் அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நடத்துகிறவர் வெளியாள், பேசுகிறவர் பெரியவர், பிள்ளை வெறுமனே கேட்கும் இடத்தில். எதிர்க் கேள்வி கேட்கத் தெரிந்த வயதுக்கு வேலி, எதைச் சொன்னாலும் நம்பும் வயதுக்குத் திறந்த வாசல். இதுதான் அன்றைக்கு வாசலில் நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதில். அடுத்த முறை பார்த்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். “அப்ப பெரியவ படிக்கற எடத்துல தப்பில்லீங்களாக்கா?” என்றாள். இல்லை என்றேன். உங்கள் மகள் அங்கே போகும்போது கந்த சஷ்டி கவசத்துக்கு ஒரு கிளப் ஆரம்பிக்கட்டும், என் மகள் போஸ்டர் வரைந்து தருவாள் என்றேன். சிரித்தாள். ஆனால் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

சபையில் ஒரு பேச்சு

ஓஹயோவில் 2014 முதல் இந்த விடுவிப்பு நேரத்தைக் கொடுப்பதும் கொடுக்காததும் அந்தந்தக் கல்வி மாவட்டத்தின் விருப்பமாக இருந்தது. முக்கியப் பாட நேரத்தில் பிள்ளைகளை எடுக்கக் கூடாது என்பதால்தான் நூலகம், ஓவியம், விளையாட்டு நேரம் மேல் கை விழுகிறது. கொலம்பஸ் பக்கத்து வெஸ்டர்வில் மாவட்டம் 2024-இல் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2025 ஜனவரியில் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம் அந்த விருப்பத்தையே எடுத்துவிட்டது. எல்லா மாவட்டமும் இதற்கு ஒரு விதிமுறை வகுத்தே ஆக வேண்டும். உள்ளூர்ப் பெற்றோர் பேசி முடிவெடுக்க இருந்த இடம் போனதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

எங்கள் சபையிலும் பஸ்ஸில் துணைக்குப் போக ஆள் கேட்டு அறிவிப்புச் செய்தார்கள். நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை என்பதால் ஒரு மூப்பர் என்னிடம் நேராகவே கேட்டார். மாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம். “வீட்டில் சுவிசேஷம் கேட்க வழியில்லாத பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?” என்றார். உண்மையான அக்கறையோடு கேட்ட கேள்வி அது, எனக்கு அதில் சந்தேகமில்லை. எங்கள் பக்கத்து அசனப் பண்டிகையைப் பற்றி அவருக்குச் சொன்னேன். ஊரே சேர்ந்து ஆக்கி, கோயில் வளாகத்தில் பந்தி போடுவோம். பக்கத்துத் தெரு இந்துக்கள் வருவார்கள், முஸ்லிம்கள் வருவார்கள், வரிசையில் உட்கார்ந்து ஒரே சோறு சாப்பிடுவார்கள். மணி அடித்து வரிசையில் நிறுத்தி யாரையும் கூட்டி வந்ததில்லை. நம் சபைக்கு வாசல் இருக்கிறது, மூன்றரை மணிக்குப் பள்ளி விடுகிறது. பெற்றோர் கையைப் பிடித்து அழைத்து வரட்டும், நானே பாடம் எடுக்கிறேன், மிட்டாயும் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாமாலைப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான்.

பஸ்ஸை நிறுத்த என்னால் முடியாது, சட்டம் அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் விதிமுறையை எழுதுவது இன்னும் எங்கள் கல்வி வாரியம்தான். அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன்; ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்றே விஷயம் கேட்கப்போகிறேன். எத்தனை பேர் பஸ்ஸில் போனாலும் நூலக ஆசிரியை அன்றைய பாடத்தை நடத்த வேண்டும், விட்டுப்போகிறவர்கள் பிறகு படித்துக்கொள்ளட்டும். மிட்டாயும் ஸ்டிக்கரும் பஸ்ஸோடு நிற்க வேண்டும், வகுப்புக்குள் வரக் கூடாது. சம்மதப் படிவம் பெற்றோர் கைக்கு நேராகப் போக வேண்டும், பிள்ளையின் புத்தகப் பைக்குள் போடக் கூடாது. சோமாலியப் பெண்ணின் அப்பாவும் பெயர் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் பேச மாட்டேன் என்கிறாள், ஆனால் கூட வருகிறாள்.